அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த வீட்டில் மரபணுச் சோதனை: யாருக்கு முதலில், எப்படி?

கேள்வி இது. வடசென்னை தண்டையார்பேட்டையைச் சேர்ந்த 27 வயதுப் பெண். அம்மாவுக்கு 43 வயதில் இடது மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது 49 வயதில் நன்றாக இருக்கிறார். அம்மாவின் தங்கை "கர்ப்பப்பை கேன்சர்" என்று 46 வயதில் இறந்துவிட்டார். வீட்டில் அவரைத் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு லேபிலிருந்து வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்து "கேன்சர் ஜீன் டெஸ்ட்" செய்து தருகிறோம் என்கிறார்கள். எடுக்கலாமா? நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

மரபணுச் சோதனை செய்ய வேண்டிய குடும்பம்தான் உங்களுடையது. ஆனால் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் உங்கள் அம்மா. அதற்கும் முன்னால் ஒரு முறை நீங்கள் இருவரும் ஜெனட்டிக் கவுன்சிலரிடமோ மெடிக்கல் ஜெனட்டிக்ஸ் படித்த டாக்டரிடமோ உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டுக்கு வரும் அந்த ஆளிடம் இப்போதைக்குக் கை நீட்டாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் பிறவியிலேயே வந்த ஒரு மரபணுப் பிழை முக்கியக் காரணமாக இருக்கிறது. அம்மாவிடம் அந்தப் பிழை இருக்கிறதா என்று தெரியாமல் உங்களை மட்டும் சோதித்து நெகட்டிவ் வந்தால், அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. அம்மாவிடம் பிழை இருந்து, அது உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். அப்படியென்றால் உங்கள் ஆபத்து ஏறத்தாழ மற்றப் பெண்களுக்கு உள்ளதுதான். அல்லது அந்தச் சோதனையால் பிடிக்கக்கூடிய பிழை அம்மாவிடமே இல்லாமல், குடும்பத்தில் வேறு ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் உங்கள் ஆபத்து கொஞ்சமும் குறையவில்லை. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே வரிதான் அச்சாகும். அந்த வரியைப் பார்த்து நிம்மதி அடைந்து, வருடா வருடம் செய்ய வேண்டிய ஸ்கேனை விட்டுவிடுகிறவர்கள்தான் இந்தச் சோதனையால் உண்மையில் பாதிக்கப்படுகிறவர்கள்.

அம்மாவிடம் பிழை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. உங்களுக்கும் தம்பிக்கும் மாமாவுக்கும் சித்தி பிள்ளைகளுக்கும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். தண்டையார்பேட்டை முழுக்க ஒருவரைத் தேடி அலைவதற்கும், தெருப் பெயரும் கதவு எண்ணும் கையில் வைத்துக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம் அது. செலவும் பல மடங்கு குறையும், பதிலும் ஆம், இல்லை என்று தெளிவாக வரும்.

"எனக்குத்தான் வந்து முடிஞ்சுடுச்சே, இனிமே எனக்கு எதுக்கு டெஸ்ட்" என்று அம்மா சொல்லலாம். முதல் பயன் அவருக்கேதான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பவை, பிழை இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் இரண்டு மரபணுக்கள். பிஆர்சிஏ1 பிழை உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு மார்பில் புற்றுநோய் வந்த பிறகு, அடுத்த 20 ஆண்டுகளுக்குள் மறு மார்பிலும் வரும் வாய்ப்பு 40 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. பிஆர்சிஏ2 என்றால் 26 சதவீதம். அதோடு சினைப்பைப் புற்றுநோய். 49 வயதில் அம்மாவுக்கு இப்போது பெரிய கேள்வியே அதுதான், ஏனென்றால் சினைப்பையை முன்கூட்டியே எடுத்துவிடும் ஆபரேஷனுக்கு உரிய வயது வந்து தாண்டியும் விட்டது. இன்னொரு தயக்கமும் அம்மாவிடம் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்: "என்னாலதான் என் பொண்ணுக்கு". அந்தப் பிழை அவருக்கும் அவர் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்ததுதான். அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஒன்றுமில்லை. கவுன்சிலிங்கில் இதைப் பேசவும் நேரம் ஒதுக்குவார்கள்.

பணம் இப்போது இல்லையென்றாலும், அம்மாவின் ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் பாதுகாத்து வைக்கும் வசதி உள்ள ஆய்வகத்தை டாக்டரிடம் கேளுங்கள். நோய் வந்தவரின் மாதிரி ஒன்று பத்திரமாக இருந்தால், பின்னால் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம். சித்தி விஷயத்தில் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போய்விட்டது. அவருடைய கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் அந்த மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவில் இன்னும் இருக்கக்கூடும். அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம் என்றாலும் ஃபார்மலினில் ஊறிச் சிதைந்த டிஎன்ஏ, முடிவு சரியாக வருவது கடினம். அம்மா இருக்கும்போது அந்த வழிக்கு அவசியம் இல்லை.

சித்தியின் நோய்தான் உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய இடம். நம் வீடுகளில் "கர்ப்பப்பை கேன்சர்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு நோய்களைச் சொல்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் வருவது எச்பிவி வைரஸால் வருவது, அதற்கும் பிஆர்சிஏவுக்கும் தொடர்பு இல்லை. கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது, பரம்பரையாக வந்தால், பெரும்பாலும் வேறு மரபணுக்களோடு, குறிப்பாகக் குடல் புற்றுநோயும் சேர்ந்து வரும் லிஞ்ச் சிண்ட்ரோம் குடும்பங்களோடு சம்பந்தப்பட்டது. சினைப்பையில் வருவதுதான் பிஆர்சிஏ குடும்பங்களின் அடையாளம். ஆகவே சித்தியைப் பார்த்துக்கொண்டவர்களிடம் கேளுங்கள்: தீட்டு நின்ற பிறகு ரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல் என்று ஆரம்பித்ததா, அல்லது வயிறு வீங்கி, சாப்பாடு இறங்காமல், தண்ணீர் கோத்துக்கொண்டு ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்களா? இரண்டாவது என்றால் சினைப்பையாக இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேஷனும் உள்ளே வைக்கும் கதிர்வீச்சும் முக்கிய சிகிச்சையாக இருந்திருந்தால் கர்ப்பப்பை வாய். ஆனால் நினைவை நம்பி முடிவு கட்டக் கூடாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ 125 என்ற ரத்தச் சோதனை எழுதிய ஏதாவது ஒரு தாள், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். வீட்டில் இல்லையென்றால் ஐபி (உள்நோயாளி) எண்ணும் வருடமும் சொல்லி, இறப்புச் சான்றிதழ் நகலோடு மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் சித்தப்பாவோ சித்தி பிள்ளைகளோ எழுத்தில் விண்ணப்பிக்கலாம். சினைப்பைப் புற்றுநோய் என்று அந்தத் தாள் சொன்னால், எந்த வயதில் வந்திருந்தாலும் அது ஒன்றே மரபணுச் சோதனைக்குப் போதுமான காரணம்.

அம்மாவின் கோப்பில் இரண்டு தாள் முக்கியம். ஒன்று, ஆபரேஷனுக்குப் பிந்தைய பயாப்ஸி ரிப்போர்ட். மற்றது கட்டியின் வகையைச் சொல்லும் ஐஎச்சி ரிப்போர்ட், இஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். மூன்றும் நெகட்டிவ் என்றால் அது டிரிபிள் நெகட்டிவ் வகை, பிஆர்சிஏ1 பிழை உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுவது. அம்மாவைப் பொறுத்தவரை 50 வயதுக்குள் நோய் வந்ததே சோதனைக்குத் தகுதி. டிரிபிள் நெகட்டிவ், இரண்டு மார்பிலும் புற்றுநோய், குடும்பத்தில் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், சினைப்பை அல்லது கணையப் புற்றுநோய், பரவிய புராஸ்டேட் புற்றுநோய், ஒரே பக்கத்து உறவில் மூன்று பேருக்கு மார்பகப் புற்றுநோய் என எதுவாக இருந்தாலும் அந்தக் குடும்பம் கவுன்சிலிங்குக்குப் போக வேண்டியதுதான்.

கவுன்சிலரிடம் போகும் முன்பு மூன்று தலைமுறைக்கு ஒரு வம்ச வரைபடம் தயார் செய்துகொண்டு போங்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் கண்டுபிடித்தார்கள் என்பதை எழுதுங்கள். இறந்த வயதைவிடக் கண்டுபிடித்த வயதுதான் முக்கியம். நோய் வராதவர்களையும் அவர்கள் இப்போதைய வயதோடு எழுதுங்கள், எண்பது வயது வரை நன்றாக இருக்கும் பாட்டியும் ஒரு தகவல்தான். சினைப்பை, மார்பு எடுத்துவிட்ட ஆபரேஷன்கள் இருந்தால் அதையும் குறியுங்கள். கட்டி, ஃபைப்ராய்டு என்று நாற்பது வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண்கள் நம் பக்கம் நிறைய, அப்படி எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் வராததை வைத்துப் பிழை இல்லை என்று சொல்ல முடியாது. அப்பா பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பெண்களின் நோய் அம்மா வழியாகத்தான் வரும் என்பது தவறு. பிஆர்சிஏ1 பதினேழாவது குரோமோசோமிலும் பிஆர்சிஏ2 பதின்மூன்றாவது குரோமோசோமிலும் இருக்கின்றன, ஆணிடமிருந்தும் பெண்ணிடமிருந்தும் மகனுக்கும் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் போகும்.

சொந்தத்தில் நடந்த திருமணங்களை இரட்டைக் கோடு போட்டுக் காட்டுங்கள். தாத்தாவும் பாட்டியும் மாமன் மகள், அத்தை மகன் என்றால் அதுவும் அதில் வர வேண்டும். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன், உங்கள் திருமணப் பேச்சோடு நேரடியாகத் தொடர்பு உள்ளது.

எங்கே போவது? அம்மா எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாரோ அந்த ஆன்காலஜி டாக்டரிடமிருந்து தொடங்குவதுதான் நேர்வழி. வடசென்னையில் பலருக்கும் அது ஸ்டான்லியாகவோ சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையாகவோ இருக்கும். "பரம்பரைப் புற்றுநோய் மதிப்பீடு வேண்டும்" என்று சொல்லி ரெஃபரல் சீட்டு கேளுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பரம்பரைப் புற்றுநோய்க் குடும்பங்களை நெடுங்காலமாகச் சோதித்து வரும் இடம். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் சின்னமலையில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோ. கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று முன்பே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து ரத்தம் கொடுத்துவிட வேண்டாம். இந்தச் சோதனைக்கு அனுமதி உண்டா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு கவுண்டரில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் ஆய்வகங்களின் விலை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். கவுன்சிலர் வழியாகப் போனால் சலுகை விலையும் கிடைப்பதுண்டு.

நல்ல கவுன்சிலிங் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. வரைபடத்தைச் சரிபார்ப்பார்கள், எந்த மரபணுக்களைப் பார்ப்பது என்று முடிவு செய்வார்கள், என்னென்ன முடிவு வரக்கூடும், ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன என்று ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்வார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அதில் மூன்று இடத்தைக் கவனியுங்கள்: புற்றுநோய்க்குச் சம்பந்தமில்லாத வேறு நோய் தெரிந்தால் சொல்ல வேண்டுமா, உங்கள் தரவை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா, பின்னாளில் முடிவின் வகை மாறினால் உங்களைத் தொடர்புகொள்வார்களா. சோதனை வேண்டாம் என்று எழுந்து வரவும் உங்களுக்கு உரிமை உண்டு. ரத்தம் எடுப்பதையே கவுன்சிலிங் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்குகிற இடம் சரியில்லை.

சோதனை என்று வரும்போது எளிமைதான். வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் மூன்று முதல் ஐந்து மில்லி ரத்தம் போதும். குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் ரத்தம் உறைந்து, மாதிரி திரும்பி வரும். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும், சில வாரம் தள்ளி எடுப்பார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவருக்கு ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டிஎன்ஏ, அதனால் தோலிலிருந்து எடுக்க வேண்டும். முடிவு வர மூன்று, நான்கு வாரம் ஆகும்.

எந்தச் சோதனை என்பதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. "பிஆர்சிஏ டெஸ்ட்" என்று எழுதியிருந்தாலும் சில மலிவுச் சோதனைகள் பெயர்பெற்ற சில இடங்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கொடுக்கும். வெளிநாட்டு எச்சில் கிட் ஒன்று அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படும் மூன்று பிழைகளை மட்டுமே பார்க்கும்படி 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மூன்றில் ஒன்றான 185டெல்ஏஜி என்ற பிஆர்சிஏ1 பிழை தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருப்பது உண்மை. அதற்காக அதை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆகிவிடாது, இங்குள்ள குடும்பங்களில் வேறு பல பிழைகளும் இருக்கின்றன. லேபிடம் இப்படிக் கேளுங்கள்: இரண்டு மரபணுக்களையும் முழுமையாகப் படிக்கிறீர்களா? பெரிய துண்டு விடுபட்டுப் போவதையும் இரட்டிப்பதையும் பிடிக்க எம்எல்பிஏ அல்லது அதற்குச் சமமான முறை சேர்ந்திருக்கிறதா? பால்பி2, டிபி53, செக்2, ஏடிஎம், ராட்51சி, ராட்51டி என்ற மற்ற மரபணுக்களும் பேனலில், அதாவது சேர்த்துப் பார்க்கும் பட்டியலில், உண்டா? கண்டுபிடித்த பிழையை இன்னொரு முறையால் உறுதி செய்கிறீர்களா? ஆய்வகத் தரத்துக்கான என்ஏபிஎல் அல்லது சிஏபி அங்கீகாரம் உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் திணறுகிற இடத்தில் ரத்தம் கொடுக்க வேண்டாம்.

பெயர்க் குழப்பமும் நிறைய. ஆன்கோடைப், கேன்அசிஸ்ட் போன்றவை எடுத்த கட்டியை வைத்து நோய் திரும்ப வருமா, கீமோ தேவையா என்று பார்ப்பவை. பரம்பரைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் என்ஜிஎஸ் சோதனையைக் கட்டியில் செய்து, அதில் பிஆர்சிஏ பிழை என்று வந்தால், அது பிறவிப் பிழையா, கட்டியில் மட்டும் தோன்றியதா என்று ரத்தத்தில் உறுதி செய்ய வேண்டும். சிஏ 15-3, சிஏ 125 என்ற ரத்தச் சோதனைகள் அடங்கிய "பெண்கள் கேன்சர் பேக்கேஜ்" என்பது பரம்பரை ஆபத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் விளைவிக்கும் பிழை, அநேகமாக நோய் விளைவிக்கும் பிழை என்ற இரண்டையும் பாசிட்டிவாக எடுத்துக்கொண்டு சிகிச்சை முடிவு செய்வார்கள். தீங்கற்றது, அநேகமாகத் தீங்கற்றது என்பவற்றைப் பெரும்பாலும் ரிப்போர்ட்டிலேயே எழுத மாட்டார்கள். நடுவில் ஒன்று இருக்கிறது: வியூஎஸ் (VUS) என்ற, பொருள் இன்னும் உறுதியாகாத மாற்றம். தெற்காசியர்களின் தரவு உலகக் களஞ்சியங்களில் குறைவாக இருப்பதால் நம்மவர்களுக்கு இது அதிகம் வருகிறது. இதை வைத்து மார்பையோ சினைப்பையையோ எடுக்கக் கூடாது, உங்களுக்கும் தம்பிக்கும் அதைத் தேடிச் சோதிக்கவும் கூடாது. பின்னாளில் வகை மாற்றப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றுதான் மாறுகின்றன. வருடத்துக்கொரு முறை கவுன்சிலரிடம் வகை மாறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டால் போதும். "ஏதோ மியூட்டேஷன் இருக்காம்" என்ற அரைகுறைச் செய்தியைக் கேட்டு ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வார்த்தை ரிப்போர்ட்டில் எந்த வகையின் கீழ் வருகிறது என்று பார்க்காமல் யாரும் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்கு எந்தப் பிழையும் இல்லை என்று வந்தால், உங்களுக்குச் சோதனை தேவையில்லை. ஆனால் குடும்ப வரலாறு அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கு நோய் வந்த வயதிலிருந்து பத்து வருடம் முன்னால், அதாவது 33 வயதில் உங்களுக்கு வருடாந்தர மேமோகிராம் தொடங்க வேண்டும். எம்ஆர்ஐ தேவையா என்பதைக் கவுன்சிலர் கேன்ரிஸ்க் போன்ற கணக்கீட்டுக் கருவியில் உங்கள் விவரங்களைப் போட்டுப் பார்த்துச் சொல்வார். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களின் தரவில் கட்டப்பட்டவை என்பதால், வரும் எண்ணை வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு பிஆர்சிஏ பிழை இருந்து, உங்களுக்கும் அது வந்திருந்தால்? 2017இல் வெளியான பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1இல் 72 சதவீதம், பிஆர்சிஏ2இல் 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய் முறையே 44, 17 சதவீதம். இவை ஒரு வாழ்நாளுக்கான எண்கள், 27 வயதில் நாளைக்கே வரும் என்று அர்த்தமில்லை. பால்பி2 என்றால் மார்பகத்துக்கு ஏறத்தாழ 53 சதவீதம். செக்2, ஏடிஎம் அதைவிடக் குறைவு, அவற்றுக்குக் கூடுதல் ஸ்கேன்தான் முக்கிய நடவடிக்கை. டிபி53 என்றால் தனிக்கதை: அந்தக் குடும்பத்தில் மார்பகத்துக்கு ரேடியேஷன் கொடுப்பதையே கூடியவரை தவிர்க்கப் பார்ப்பார்கள். அதனால்தான் இள வயதில் நோய் வந்தவருக்கு ரேடியேஷனுக்கு முன்பே முடிவு கையில் இருப்பது நல்லது.

பிஆர்சிஏ பிழை உள்ள பெண்ணுக்கு 25 வயதிலிருந்து ஆறு மாதம் முதல் வருடத்துக்கு ஒருமுறை டாக்டரின் கைப்பரிசோதனை. 25 முதல் 29 வரை வருடாந்தர எம்ஆர்ஐ, கான்ட்ராஸ்ட் ஊசியோடு. 30 வயதிலிருந்து எம்ஆர்ஐயும் மேமோகிராமும். எம்ஆர்ஐயை மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் எடுக்க வேண்டும், மற்ற நாட்களில் ஹார்மோனால் மார்புத் திசு ஒளிர்ந்து, இல்லாத கட்டி இருப்பதுபோல் காட்டி, வீண் பயாப்ஸியில் கொண்டுபோய் விடும். தேதி வாங்கும்போதே இதைச் சொல்லுங்கள். மார்புக்கென்றே உள்ள "காயில்" (coil) என்ற பாகம் அந்த மெஷினில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். குப்புறப் படுக்க வைத்து எடுப்பதுதான் சரியான முறை. கர்ப்பமாக இருந்தால் கான்ட்ராஸ்ட் போட மாட்டார்கள், அதனால் குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன்னால் ஒரு எம்ஆர்ஐ முடித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

சினைப்பைக்கு இப்படிக் கண்காணித்துக் காப்பாற்றும் வழி இல்லை. சிஏ 125உம் ஸ்கேனும் ஆறு மாதத்துக்கொரு முறை எடுத்தாலும் உயிரிழப்பு குறைவதாக நிரூபிக்கப்படவில்லை. அதனால்தான் குழந்தை பெற்று முடித்த பிறகு பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள் சினைப்பையையும் சினைக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஆபத்து ஏறத்தாழ 80 சதவீதம் குறையும். அம்மாவுக்குப் பாசிட்டிவ் வந்தால் இதுதான் அவருடைய அடுத்த வேலை. அப்போது சர்ஜனிடம் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: பிஆர்சிஏ காரணமாகச் செய்கிறோம் என்பதைப் பேத்தாலஜி படிவத்தில் எழுதி, சினைக்குழாயை, குறிப்பாக விரல்போல் விரியும் நுனியை, முழுவதுமாக மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தப் புற்றுநோயில் பெரும்பங்கு அந்த நுனியில்தான் தொடங்குகிறது. வழக்கமான முறையில் ஒன்றிரண்டு துண்டு மட்டும் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத தொடக்கம் தப்பிவிடும்.

மார்பை முன்கூட்டியே எடுப்பது ஆபத்தைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஆனால் அது அவரவர் விருப்பம். நல்ல எம்ஆர்ஐ கண்காணிப்பில் இருந்துகொண்டு வருடக்கணக்கில் யோசிக்கலாம். 27 வயதில் யாரும் உங்களை அவசரப்படுத்த உரிமை இல்லை.

திருமணப் பேச்சுக்கு வருகிறேன். அம்மாவிடம் பிழை இருந்தால், அது ஏறத்தாழ எப்போதும் தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்தது. ஆகவே உங்கள் தாய்மாமனுக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவர் மகனுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு, உங்களுக்கு இரண்டில் ஒன்று. இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி அமைந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பிழை வர நான்கில் ஒரு வாய்ப்பு. பிஆர்சிஏ2, பால்பி2 இரண்டிலும் அப்படி வந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய்: சிறு வயதிலேயே மஜ்ஜை செயலிழப்பு, ரத்தப் புற்றுநோய், மூளைக் கட்டி. பிஆர்சிஏ1இல் இரண்டு பக்கமும் பிழை என்றால் கரு பெரும்பாலும் தங்காது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் முடிவு வந்து, தேவைப்பட்டால் நீங்களும் மாப்பிள்ளையும் அந்த ஒரே இடத்தைச் சோதித்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும். இருவரில் ஒருவருக்கு இல்லையென்றாலே இந்த நோயின் கவலை இல்லை. இருவருக்கும் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே ஜெனட்டிக்ஸ் டாக்டரிடம் போய் வழிகளைப் பேசலாம். நிச்சயதார்த்தத்துக்கு முன் அம்மாவின் ரத்தத்தைக் கொடுத்துவிடுவது இந்த வகையில் எல்லோருக்கும் நல்லது.

மாமாவுக்குச் சொல்வதும் அவருக்கு நன்மைதான். பிஆர்சிஏ2 பிழை உள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் இள வயதிலும் கடுமையாகவும் வரலாம், 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ என்ற ரத்தச் சோதனை பார்க்கச் சொல்வார்கள். ஆணின் மார்பிலும் வரும், வாழ்நாளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில். உங்கள் தம்பிக்கு 18 வயது முடிந்த பிறகு, அவர் விரும்பினால் சோதிக்கலாம். அதற்கு முன்பு பிள்ளைகளைச் சோதிப்பது வழக்கமில்லை, டிபி53 மட்டும் விதிவிலக்கு.

செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ரிப்போர்ட் அம்மாவுடையது, யாருக்குச் சொல்வது என்பது அவர் முடிவு. கவுன்சிலரிடம் உறவினருக்கான கடிதம் ஒன்று கேட்டால் எழுதித் தருவார். அதில் மரபணுவின் பெயர், டிரான்ஸ்கிரிப்ட் எண், சி. என்று தொடங்கும் குறியீடு, வகை, ஆய்வகத்தின் பெயர் இவை இருந்தால் போதும். ரிப்போர்ட்டைப் பாதியாகப் போட்டோ எடுத்து அனுப்புவதில் ஒரு எழுத்து வெட்டுப்பட்டாலும் உறவினருக்குத் தவறான இடத்தைச் சோதித்து, பொய்யான நெகட்டிவ் வந்துவிடும். முடிந்தால் அவர்களும் அதே ஆய்வகத்தில் செய்துகொள்ளட்டும்.

காப்பீடு பற்றி. மரபணுக் கோளாறு என்ற பொதுக் காரணத்தைச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018இல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் அந்தக் காரணத்தால் கோரிக்கைகளை நிராகரிக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் அமெரிக்காவில் உள்ளதுபோல் இதற்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. தனியார் பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால், உங்கள் சோதனைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். படிவத்தில் குடும்ப வரலாறு கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பின்னால் அதைக் காட்டியே மறுப்பார்கள்.

எண்ணூர், மணலி ஆலைப் புகையால்தான் இங்கே இவ்வளவு பேருக்கு வருகிறதா என்ற கேள்வியும் நம் பகுதியில் எப்போதும் எழும். வெளிக்காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் வகைப்படுத்தியது, முக்கியமாக நுரையீரல் புற்றுநோயை வைத்து. காற்றைச் சுத்தமாக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் பிறவிப் பிழையைத் தேடும் இந்தச் சோதனை புகையின் பங்கைச் சொல்லாது. ஊர்க்காற்றைக் காரணமாகச் சொல்லிக் குடும்ப வரலாற்றை ஒதுக்கிவிடவும் கூடாது.

கவுன்சிலர் தேதி, அம்மாவின் முடிவு, பிறகு உங்களுடையது என்று இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். அந்த இடைவெளியில் மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பிலிருந்து தானாக ரத்தம் கசிவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிவது என எது தெரிந்தாலும் மரபணு முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே சர்ஜரி ஓபிக்குப் போய் அல்ட்ராசவுண்ட், தேவையென்றால் ஊசி பயாப்ஸி செய்துகொள்ளுங்கள். "சின்ன வயசு, கொழுப்புக் கட்டியா இருக்கும், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அம்மாவுக்கு 43 வயதில் வந்ததையும் சித்தியின் நோயையும் ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு ஸ்கேன் இல்லாமல் அனுப்புவது யாருக்கும் எளிதாக இருக்காது.